கூடுதலாகப் போட்ட இரண்டு பட்டைகள்

ஸ்பிரிங் பட்டறைக்காரனுக்கு வண்டி வாசலைத் தாண்டும்போது வேலை முடிகிறது, பயம் தொடங்குகிறது.

உத்தமபாளையம் புறவழிச்சாலையில் பதினான்கு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபராக இருந்தேன். விபத்துச் செய்தி எழுதி எழுதி, நன்றாக நிற்கும் வண்டியைப் பார்த்தால்கூட அது கவிழ்ந்து கிடக்கும் கோலம்தான் எனக்கு முதலில் தெரியும். அந்தக் கண்ணோடு இந்தத் தொழிலுக்கு வந்திருக்கக் கூடாது. நீங்களும் யாருக்காவது ஒரு நட்டைப் பூட்டியோ, ஒயரை இணைத்தோ, மாத்திரையை எடுத்துக் கொடுத்தோ அனுப்பிவிட்டு, சரியாகத்தான் செய்தோமா என்று சாப்பாட்டுக்கு நடுவில் கையை நிறுத்தியவரா? அப்படியானால் உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பாதி சொல்லும் வழக்கம்

எங்கள் பள்ளத்தாக்கில் ஏற்றுகிற எடையை யாரும் உள்ளபடி சொல்வதில்லை. வாழைத்தார், திராட்சைப் பெட்டி, நெல் மூட்டை எதுவானாலும் கணக்கு பாதிதான். சோதனைச் சாவடிக்காகச் சொல்லத் தொடங்கியது, போகப் போக நாக்கில் உட்கார்ந்துவிட்டது. பட்டறையில் குறைத்துச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. நாங்கள் அபராதம் போடுகிறவர்கள் அல்ல. அவர்கள் சொல்லும் எடைக்குத் தகுந்தபடிதான் வண்டிக்கு அடியில் இரும்புப் பட்டைகளை அடுக்குகிறோம். ஆனாலும் பாதிதான் சொல்வார்கள்.

தொடங்கிய புதிதில் கம்பத்திலிருந்து வாழைத்தார் ஏற்றுகிற ஒருவர், ஒண்ணேகால் டன் என்றார். நம்பி அதற்கே பட்டை போட்டோம். எட்டாம் நாள் குமுளி மலைப்பாதையில் மெயின் பட்டை முறிந்து வண்டி பாறைப் பக்கமாகச் சாய்ந்தது. எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் என் பழைய பத்திரிகையில் நாலு வரி வந்திருக்கும். முறிந்த பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியவரிடம், உண்மையில் எவ்வளவு ஏற்றினீர்கள் என்று கேட்டேன். இரண்டரை டன் என்றார். அதை அன்றைக்கே சொல்வதற்கென்ன என்றேன்.

“யாரு கேட்டாலும் வாயில அதுதான்ணே வருது. எம் பொண்டாட்டி கேட்டாகூட ஒண்ணேகால்தான்.”

டம்ளரின் எடை

அன்றிலிருந்து பட்டறையில் ஒரு விதி வைத்தோம். வருகிறவர் எவ்வளவு சொன்னாலும் இரண்டால் பெருக்கிக்கொள்வது. விதியைக் கொண்டுவந்தவர் எங்கள் மேஸ்திரி இஸ்மாயில் பாய். பட்டையைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைச் சொல்லிவிடுவார். பதினான்கு வருடத்தில் அந்த விதி எங்களைக் கைவிட்டதில்லை.

போன ஐப்பசியில் ஓடைப்பட்டியிலிருந்து திரவியம் வந்தார். குடும்பத்துக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. அதைத் தம்பி பார்க்கிறார், இவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். வெள்ளை நிற டீசல் பிக்கப், நாலு கதவு. அதில் கூடாரம் கட்டிக்கொண்டு மலை மலையாகப் போய்த் தங்க வேண்டும் என்பது அவர் ஆசை. தொழிற்சாலையில் போட்ட பின் ஸ்பிரிங் போதவில்லை, மாற்ற வேண்டும் என்றார். கூடவே ஒரு தாளை நீட்டினார். கூரைமேல் விரிக்கும் கூடாரம் ஐம்பத்தெட்டு கிலோ. நீர் நிரப்பிய தொட்டி அறுபத்தாறு. சின்ன ஃப்ரிட்ஜ், இரண்டாவது பேட்டரி, அடுப்பு, சிலிண்டர், அவர்கள் இருவர் என்று இறங்கிக்கொண்டே போய், நாலு டம்ளர் முந்நூற்று அறுபது கிராம் என்று முடிந்தது. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ.

தாளை நானும் பாயும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். திரவியத்தின் மனைவி வசந்தா, அனுமந்தன்பட்டிப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, வண்டிக்குள்ளிருந்தே சொன்னார்:

“எங்க வீட்டுக்காரக டம்ளரைக்கூடத் தராசுல வச்சாக. அடுத்து என்னையும் ஏறச் சொன்னாக.”

டீச்சரின் கேள்வி

எந்த ஸ்பிரிங் என்ற தேர்வு ஒரு மணி நேரம் நடந்தது. கோயம்புத்தூரிலிருந்து வரும் ஸ்பிரிங் கட்டு மூன்று தினுசு: வெறும் வண்டிக்கு ஒன்று, முந்நூறு கிலோ எப்போதும் ஏறியிருக்கும் வண்டிக்கு ஒன்று, அறுநூறுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஷாக், அதாவது துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர், தனியாக உண்டு. திரவியம் நடுவில் உள்ளதைத் தொட்டார். நண்பர் ஒருவர் வண்டியை நாலு அங்குலம் உயர்த்தியிருப்பதாகவும், பார்க்க யானை மாதிரி நிற்பதாகவும் சொன்னார். கூரையில் கூடாரத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு உயர்த்தினால் வளைவில் சாய்வு கூடும், ஒன்றரை அங்குலம் போதும் என்றேன். உடனே ஒத்துக்கொண்டார். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

வசந்தா டீச்சர் அப்போதுதான் கீழே இறங்கி வந்தார். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, “மலையில வச்சு இது கவுந்துருமா?” என்று கேட்டார். சாலை, மழை, வேகம், ஓட்டுகிறவர் கை, எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிற விஷயம் அது என்பதுதான் சரியான பதில். பயந்து நிற்கிறவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசத் தோன்றவில்லை. கவிழாது டீச்சர் என்றேன்.

“நீங்க பேப்பர்ல எழுதுன ஆளு, பொய் சொல்ல மாட்டீக. நீங்க சொல்றீகன்னுதான் ஏறுறேன்.”

விதிப்படி

கட்டு வந்து சேர்ந்தது. பாய் வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர், தலையை மட்டும் வெளியே நீட்டி என்னைப் பார்த்தார். முந்நூறுன்னா அறுநூறுதானே என்று கேட்டார். டம்ளரையெல்லாம் எழுதியிருக்கிறாரே பாய் என்றேன். டம்ளரை எழுதி நம்மை நம்ப வைத்துவிட்டு, கூடத் தங்க ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போவார் பாருங்கள் என்றார் அவர். எனக்கு டீச்சரின் முகம் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் பலமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அது எனக்கு அக்கறையாகத் தோன்றியது.

அலமாரியிலிருந்து தடித்த பட்டை பக்கத்துக்கு இரண்டு எடுத்து, வந்த கட்டுக்கு அடியில் சேர்த்துப் பூட்டினோம். ஷாக் மட்டும் அவர் தேர்ந்தெடுத்த அதே முந்நூறு கிலோ ஷாக். திரவியத்திடம் சொல்லவில்லை. சொன்னால் விவாதிப்பார், பாய்க்கு விவாதம் ஆகாது.

“பட்டை கூடிப்போச்சுன்னு இதுவரைக்கும் எவனும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லண்ணே.”

புதுசு

வண்டியை எடுக்க வந்தவர் பின்பக்கத்தை டேப் வைத்து அளந்தார். சொன்னதைவிட ஒரு அங்குலம் கூட இருக்கிறதே என்றார். புதுசு, ஓட ஓட இறங்கும் என்றேன். புறவழிச்சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, கொஞ்சம் விறைப்பாகத் தெரிகிறது என்றார். அதற்கும் புதுசு என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். மருந்துக்கடையில் தன்னை நம்பி மாத்திரையை விழுங்குகிறவர்களைப் பார்த்துப் பழகிய மனிதர், அதே நம்பிக்கையை எனக்கும் கொடுத்தார்.

“சரிண்ணே, உங்களுக்குத் தெரியாததா?”

எடைச் சீட்டு

சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சின்னமனூர் எடை மேடையில் கொடுத்த சீட்டு. கூடாரம், தண்ணீர், சாமான், இருவரும் ஏறிய நிலையில் வண்டியை நிறுத்தி எடை பார்த்திருக்கிறார். கீழே செய்தி: ‘சொன்னது 312. வெறும் வண்டி போக இருப்பது 308. இட்லிக் கொப்பரையை வசந்தா வேண்டாம் என்று இறக்கிவிட்டாள். மேகமலை கிளம்புகிறோம். தெரிந்தவர் எஸ்டேட்டில் தங்கல். நன்றி.’

அறுநூறு கிலோவுக்கான இரும்பு, அதன் மேல் முந்நூறு கிலோ. அந்தப் பட்டை வளைந்து கொடுக்காது. குண்டும் குழியுமான இடத்தில் சக்கரம் தரையை விட்டு எழும்பும். எழும்புவதை அடக்க வேண்டிய ஷாக்கோ பாதி பலத்துக்கானது. வளைவில் பிரேக்கை மிதிக்கும் நேரம் பார்த்துச் சக்கரம் எழும்பினால் வண்டியின் பின்பக்கம் வெளியே தள்ளும். மேகமலைச் சாலையில் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள். வெளியே என்றால் அங்கே பள்ளம். வானம் வேறு மூட்டமாக இருந்தது. உடனே கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஏழு முறை கூப்பிட்டேன், ஏழு முறையும் அதே குரல். போனைப் பாயிடம் நீட்டினேன். சீட்டை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். சுத்தியலைக் கீழே வைத்தார்.

“அப்ப அந்த ஆளு நெசத்தத்தான் சொல்லிருக்காப்ல.”

இறங்கி வந்த பஸ்

பட்டறை ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அடிவாரத்து வனத்துறைச் சாவடியில் பதிவேட்டைக் காட்டினார்கள். வெள்ளைப் பிக்கப், இருவர், பத்து மணி ஐந்து நிமிடம் என்று இருந்தது. நாங்கள் போனபோது பத்தே முக்கால். தூறல் விழ ஆரம்பித்தது. வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது.

நாலாம் வளைவில் பஸ் ஒன்று இறங்கி வந்தது. கையைக் காட்டி நிறுத்தி, கூரையில் கூடாரம் கட்டிய வெள்ளைப் பிக்கப்பைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஓட்டுநர் பார்த்தேன் என்றார். எப்படிப் போகிறது என்று பாய் கேட்டார். ஓட்டுநர் எங்கள் ஜீப்பின் கதவில் எழுதியிருந்த பட்டறைப் பெயரை ஒருமுறை வாசித்தார்.

“பின்னாடி முயல் கணக்கா தத்துதுண்ணே. நான் ஒதுங்கி நின்டு அவுகளுக்கு வழி விட்டுட்டேன்.”

ஒன்பதாம் வளைவு

ஒன்பதாம் வளைவில் தார் பெயர்ந்து சல்லி கிடந்தது. ஈரத்தில் இரண்டு டயர் கோடுகள் உள்ளிருந்து வெளியே வளைந்து ஓரக்கல் வரை போயின. கல்லின் உச்சி சில்லாகப் பெயர்ந்திருந்தது. அதில் வெள்ளைப் பெயின்ட். ஜீப்பை நிறுத்தினேன். கதவைத் திறக்க இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

இந்த மாதிரி இடங்களில் எத்தனையோ தடவை எட்டிப் பார்த்திருக்கிறேன். பார்த்து, எண்ணி, பெயர் கேட்டு எழுதியிருக்கிறேன். அப்போதெல்லாம் அது வேறு யாரோ செய்த வேலை. இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே உண்ணிப்புதருக்குள் வெள்ளையாக ஏதோ கிடந்தது. பின்னால் திரும்பி, பாய், கொஞ்சம் பாருங்களேன் என்றேன். தலைமுடி அளவு விரிசலைத் தூரத்திலிருந்தே காட்டுகிறவர் அவர்.

“நீங்களே பாருங்கண்ணே. எனக்குக் கண்ணு சரியில்ல.”

கல் சேர்த்தவர்கள்

அது கிழிந்த சிமென்ட் சாக்கு. அதைக் கண்ணால் உறுதி செய்துகொள்ள எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. ஜீப்பில் ஏறி, அடுத்த மூன்று வளைவுகளையும் நடக்கிற வேகத்தில் கடந்தோம். பன்னிரண்டாம் வளைவில், மலையை ஒட்டிய அகலமான இடத்தில் பிக்கப் நின்றது. நாலு சக்கரத்துக்கும் கல் முட்டுக் கொடுத்திருந்தது. பின் பம்பரின் வலது மூலை நசுங்கியிருந்தது. திரவியம் தூறலில் நனைந்துகொண்டே, சாலை வேலைக்காகக் கொட்டிக் கிடந்த கருங்கற்களை ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டித் தூக்குத் தராசில் மாட்டி, எடை பார்த்து வண்டியின் பின்தொட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் மடக்கு நாற்காலியில் குடை பிடித்து உட்கார்ந்து, எடையை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் வளைவில் இறங்கியவர் மறுபடி ஏறவில்லையாம். மூன்று வளைவும் அவர் முன்னால் நடக்க, வண்டி பின்னால் ஊர்ந்து வந்திருக்கிறது.

திரவியம் என்னைப் பார்த்ததும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “முந்நூறுக்குப் போட்ட ஸ்பிரிங் இப்படித் தத்தாதுண்ணே. நெசமா எத்தனைக்குப் போட்டீக?” என்று மட்டும் கேட்டார். அறுநூறு என்றேன். ஏன் என்றார். வாழைத்தார்க்காரர் கதையோடு எங்கள் விதியைச் சொன்னேன். சொல்லும்போது அது எனக்கே அசிங்கமாகக் கேட்டது. அவர் மனைவி பக்கம் திரும்பி, இதுவரை எவ்வளவு என்றார். நூற்று முப்பத்தொன்பது என்றார் டீச்சர். பிறகு பேனாவை மூடினார்.

“நாங்க உள்ளதத்தான சொன்னோம். எங்களையும் வாழத்தார்க்காரகன்னு நெனச்சுப்புட்டீகளே.”

பக்கத்து இருக்கை

சரிவில் ஜாக்கி வைத்துப் பட்டையைக் கழற்ற முடியாது, வண்டி உருண்டுவிடும் என்று பாய் சொன்னார். கல் பாரத்தோடு கீழே இறக்குவதுதான் ஒரே வழி. மொத்தம் அறுநூறு ஆகும்படி மேலும் நூற்று அறுபது கிலோ கல்லை நாங்கள் இருவரும் ஏற்றினோம். உருளாமல் இருக்கக் கயிறு போட்டு இறுக்கினோம். வண்டியைத் திருப்பி நிறுத்தியதும் டீச்சர் முன் கதவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார். அது யாருக்கான இருக்கை என்று புரிந்தது. ஏறி உட்கார்ந்தேன். டீச்சர் பாயோடு ஜீப்பில் பின்னால் வந்தார்.

நான் உட்கார்ந்தது பள்ளத்துப் பக்கம். திரவியம் இரண்டாவது கியரிலேயே இறக்கினார். ஒவ்வொரு வளைவிலும் பின்னால் கற்கள் நறநறவென்று அரைபட்டன. பட்டைகள் ஒன்றோடொன்று உரசி முனகின. வண்டி தத்தவில்லை, நன்றாகவே அமர்ந்து இறங்கியது. ஆனால் அது எனக்கு மூளையில்தான் தெரிந்தது, வயிற்றுக்குத் தெரியவில்லை. ஒன்பதாம் வளைவில் அந்த ஓரக்கல் என் ஜன்னலுக்கு நேராக வந்தபோது, தலைக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தேன். திரவியம் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“நல்லாப் பிடிச்சுக்கங்கண்ணே. அது கம்பெனியில பூட்டுனது.”

சாவடி

அடிவாரத்தில் வனக்காப்பாளர் பின்தொட்டியை எட்டிப் பார்த்தார். மேலே கூடாரம், உள்ளே ஃப்ரிட்ஜ், அதைச் சுற்றிக் கருங்கல். மலையிலிருந்து கல் இறக்கக் கூடாது என்றார். பாய் நடந்ததை விளக்க முயன்றார். அவருடைய விளக்கத்தில் குற்றவாளி யார் என்பது தெளிவாக வரவில்லை. கடைசியில் ஒவ்வொரு கல்லாக இறக்கி, ஜீப்பில் மாற்றி, மறுபடி பன்னிரண்டாம் வளைவுக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தோம். இரண்டு நடை. நானும் பாயும்தான். யாரும் உதவவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வனக்காப்பாளர் மட்டும் விசாரித்தார்:

“கூடாரத்தோட போனீக, கல்லோட வர்றீக. மேல வீடு கட்டுற உத்தேசமா?”

திங்கட்கிழமை

கூடுதல் பட்டைகளைக் கழற்றினோம். பம்பரை நிமிர்த்தினோம். திரவியம் டேப்பால் அளந்து, நோட்டில் குறித்து, சரி என்றார். டீச்சருக்குப் போதவில்லை. அதே சாமான், அதே தண்ணீர், தங்களுக்குப் பதிலாக நானும் பாயும் மலை ஏறி இறங்கிக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். பாய் நாலு கிலோ கூட என்பதால் ஒரு தலையணையை இறக்கி, ஒரு தோசைக்கல்லையும் இறக்கி, எடையைச் சரிக்கட்டினார் திரவியம். நான் ஓட்ட, பதினெட்டு வளைவும் ஏறி இறங்கினோம். பின்பக்கம் மெத்தை மாதிரி வந்தது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் பாய் என் தொடையைப் பிடித்துக்கொண்டார், நான் விடச் சொல்லவில்லை.

சாவடியருகே காத்திருந்த டீச்சர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு கணவரிடம் கையை நீட்டிச் சாவியைக் கேட்டார். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது, பள்ளிக்கூடம் வரைக்கும் ஓட்டியிருக்கிறார், மலையில் ஓட்டியதில்லை. திரவியம் தயங்கினார். எங்களைப் பார்த்தார். நாங்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்தோம். கருத்துச் சொல்லும் தகுதியை நாங்கள் சனிக்கிழமையே இழந்திருந்தோம். டீச்சர் ஏறி, இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, பெல்ட்டைப் போட்டார்.

“எப்படியும் பயப்படத்தான் போறேன். ஸ்டீயரிங்கப் பிடிச்சுக்கிட்டே பயப்படுறேன்.”

இரும்பில் உள்ள விரிசலை ஒரே தட்டில் கண்டுபிடிக்கிற எங்களுக்கு, ஒரு மனிதர் உள்ளதைச் சொல்கிறார் என்பதைக் கண்டுபிடிக்கப் பன்னிரண்டு வளைவு ஏற வேண்டியிருந்தது.